பிஸ்டலோட அழகைப் பாக்காதீங்க, ட்ரிகரைப் பாருங்க

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் பிஸ்டல் சுட்டு ரெண்டு வெண்கலம் வாங்கினாலும் வாங்கினாங்க, எனக்கு இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, பழகுறதுக்கு கம்மி விலையில ஒரு பிஸ்டல் சொல்லுங்க." பாளையங்கோட்டை, அம்பை, தென்காசின்னு எல்லாப் பக்கமும் கேக்குதாங்க. தனித்தனியா எழுதி மாளல, மொத்தமா இங்கயே சொல்லிருதேன்.

நான் சொல்லுதது காத்தழுத்தத்துல பெல்லட்டுங்கிற சின்ன ஈயக் குண்டு போடுத 10 மீட்டர் ஏர் பிஸ்டலைப் பத்தி. பாயிண்ட் டூ டூ தோட்டா போடுத பிஸ்டலுக்கு லைசென்ஸ், 25 மீட்டர் ரேஞ்ச், தோட்டாச் செலவுன்னு ஏகப்பட்ட பாடு இருக்கு. புதுசா வாரவங்களுக்கு அது இப்பம் வேண்டாம். 0.177 அங்குலக் குழல், குண்டுக்கு 20 ஜூலுக்கு மிஞ்சாத ஆற்றல்னா 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் தேவையில்ல. போட்டி ஏர் பிஸ்டல்ல அந்த ஆற்றல் 6 ஜூல் பக்கம்தான் வரும். அதை வீட்டுல புரிய வைக்கதுதான் கஷ்டம். நம்ம ஜில்லாவுல பிஸ்டல்னாலே 1911-ல மணியாச்சியில வாஞ்சிநாதன் கையில இருந்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. எங்க மாமா இன்னும் "எந்தக் கலெக்டருக்கு மருமவனே?"ன்னு கேட்டுக்கிட்டுதான் இருக்காரு.

சரி, விஷயத்துக்கு வாரேன். காசு கம்மின்னா, பாக்க அசல் பிஸ்டல் மாதிரி இருக்கதை வாங்காதீங்க. கிளாக், பெரெட்டா அச்சுல கறுப்பா, கனமா, சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வாயுக் குப்பியில ஓடுத சாமான் ஆன்லைன்ல நிறைய கிடக்கு. அதுல பலது இரும்பு உருண்டை போடுதது, குண்டைச் சுழல விடுத புரியே குழலுக்குள்ள இருக்காது. அதுல குறி பழகுத பேச்சுக்கே இடமில்ல. சுவத்துல பட்டா உருண்டை திரும்பி வந்து கண்ணைப் பாக்கும். அதைவிட மோசம் ட்ரிகர். போட்டியில ட்ரிகரை இழுக்குத எடை குறைஞ்சது 500 கிராம் இருக்கணும், அவ்வளவுதான். இதுல கிலோக்கணக்குல இழுக்கணும். ஒரு வருசம் அப்படி இழுத்துப் பழகின விரலைத் திருத்தப் படுத பாடு பழக்குதவங்களுக்குத்தான் தெரியும்.

சிஓ2-லயே பெல்லட் போடுத, ஒத்தைச் சுடு பிஸ்டல் கொஞ்சம் தேவலை. ஆனா நம்ம ஊர் வெயிலை யோசிங்க. வெக்கை ஏற ஏற குப்பிக்குள்ள அழுத்தமும் ஏறும். மார்கழியில வச்ச குறி சித்திரையில அதே இடத்துல நிக்காது. வேகமா அடுத்தடுத்து சுட்டா குப்பி குளுந்து வேகம் விழும். குப்பிச் செலவு தனி.

அப்பம் என்ன வாங்க? முதல் ஆறு மாசம் ஒண்ணுமே வாங்காதீங்க. கிளப் பிஸ்டல்ல சுடுங்க. உங்க கைக்கு எந்தக் கிரிப் பொருந்துது, வலது கைக்காரரா இருந்தும் குறி பாக்க இடது கண்ணு முந்துதா, இதெல்லாம் அங்கதான் தெரியும். அப்புறம் பழைய போட்டிப் பிஸ்டல் ஒண்ணு தேடுங்க. ஸ்டெயர், மொரினி, வால்தர் எல்லாம் புதுசுன்னா லட்சத்தைத் தாண்டும். சீனியர் பிள்ளைகள் மாத்தும்போது பாதி விலைக்கும் கிடைக்கும். பத்து வருசம் சுட்ட குழலும் உங்களைவிட நல்லாவே சுடும். குறி அட்டையில நடுவுல உள்ள பத்து மார்க் வட்டத்தோட விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒத்த ரூபாக் காசுல பாதி. பிஸ்டலை இடுக்கியில மாட்டிச் சுட்டா எல்லாம் ஒரே ஓட்டையில போகும். ஆடுதது நம்ம கைதான்.

அதுவும் முடியலைன்னா ரஷ்யாக்காரன் பைக்கால் இஷ்-46எம். ஒரே தடவை நெம்புகோலை இழுத்து மூடினா காத்து ஏறிரும், மத்த போட்டிப் பிஸ்டல் மாதிரி காத்துச் சிலிண்டர் வேண்டாம். கைதான் கடுக்கும். அறுபது குண்டுப் போட்டியில கடைசி பத்துக்கு வரும்போது தோள்பட்டை சொல்லிரும்.

ஒருத்தர் பஞ்சர் கடையில காத்து ஏத்தலாமான்னு கேட்டாரு. போட்டிப் பிஸ்டல் சிலிண்டருக்கு வேண்டியது 200 பார் அழுத்தம். பஞ்சர் கடை கம்ப்ரசர் 10 பார் தாண்டுததே பெரிசு. இதுக்குன்னே உள்ள கைப்பம்பு, இல்லைன்னா டைவிங் சிலிண்டர், இதுதான் வழி. வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை மட்டும் ஏத்திராதீங்க, வெடிச்சிரும்.

மிச்சக் காசை நல்ல தட்டைத்தலை பெல்லட்டுக்குப் போடுங்க. பெல்லட் தீந்த அன்னைக்கு வெறும் சுவரைப் பாத்து ட்ரை ஃபயர் பண்ணுங்க, அதாவது குண்டு போடாம ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுங்க. பெரிய ஆளுங்களே அதைத்தான் பண்ணுதாங்க, பைசாச் செலவில்ல. இடத்துக்கும் நம்ம பழைய வளவு வீடுகள்ல பஞ்சமில்ல: பட்டாசாலையில நின்னு ரெண்டாங்கட்டைத் தாண்டி புறவாசல் வரை 33 அடி தாராளமா வரும். குறிக்குப் பின்னால குண்டைத் தாங்குத பெட்டி வைங்க, இடையில வார கதவைத் தாழ்ப்பாள் போடுங்க. ஆச்சி குறுக்க வந்துரும்.

பழசு வாங்கும்போது சிலிண்டர்ல அடிச்சிருக்க தேதியைப் பாத்துக்கோங்க. பத்து வருசம் தாண்டினதைப் போட்டியில உள்ள விடமாட்டாங்க, புதுச் சிலிண்டர் விலை கொஞ்சநஞ்சமில்ல. விலை பேசும்போதே அதைக் கழிச்சிருங்க.