ஏழரை மணிக்கு அங்கே என்ன வேலை?

மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இனியும் எழுதாவிட்டால் எனக்குத்தான் பிரஷர் ஏறும்.

விசயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மற்றப் பாதிப் பேர் அதற்குக் கீழே கருத்து எழுதினவர்கள். எங்கள் கிளிநொச்சிப் பிள்ளை, கொழும்பில் படிக்கிறவள், வெள்ளவத்தை மரைன் டிரைவ் ஓரமாக நடந்து போகும்போது மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இழுத்த இழுப்பில் விழுந்து முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளாவது கவனமாக இருக்கட்டும் என்று அதைத் தன் பக்கத்தில் எழுதினாள். அதற்கு எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி: "ஏழரை மணிக்கு அங்க என்ன வேலை?"

முழங்கை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களை எண்ணிப் பார்த்தேன். நாலு பேர். அதில் ஒருத்தி நான். இன்னொருத்தி அவளுடைய சித்தி.

என்ன வேலை என்று நானே சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடிய ஆறரை. கொழும்பின் பெரிய வீதியான காலி வீதியின் நெரிசலில் பஸ் ஊர்ந்து வந்து இறக்கிவிட ஏழேகால். இறங்கி, அரை றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு, ஒழுங்கையால் கடல் பக்கம் நடந்தால் அறை. பாண் வாங்கப் போனாள் ஐயா. குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. இதே ஆட்கள்தான் தங்கள் பிள்ளைகளை இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கிளிநொச்சியில் ஏறினால் விடிய நாலு, நாலரைக்கு வெள்ளவத்தையில் இறக்கிவிட்டுப் போவான். கடைகள் எல்லாம் பூட்டு. தெருவில் நாய்களைத் தவிர ஒன்றும் இருக்காது. பிள்ளை கையில் ஒரு பை, தோளில் ஒரு பை, அதற்குள் ஆறு மாதத்துக்கான மிளகாய்த்தூளோடு நிற்பாள். அந்த நாலு மணிக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏனென்றால் அது நாங்கள் ரிக்கெட் போட்டு அனுப்பிய நாலு மணி. ஏழரை, அவள் தானாக நடந்து போன ஏழரை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஏன் போனாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுங்கள். வேறொன்றும் இல்லை. இந்தப் பதிவை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் கோபம் இன்னும் முடியவில்லை.

2011 இல் நான் கொழும்புக்கு வேலைக்குப் போனேன். மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வந்து, தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு மாரியைக் கழித்த பிறகு. அம்மா வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், முறிகண்டிப் பிள்ளையாரின் திருநீறு எல்லாம் கட்டித் தந்தார். கூடவே "ஒருத்தரோடயும் கதைக்காத" என்ற புத்திமதியும். பிள்ளையார் வழித்துணைக்கு வருவார்தான். ஆனால் 100 ஆம் இலக்க பஸ் எங்கே நிற்கும் என்பது அவருக்கும் தெரியாது.

புறக்கோட்டையில் ஏறினேன். 100 பாணந்துறைக்கு, 101 மொறட்டுவைக்கு, இரண்டும் காலி வீதியால்தான் போகும், எதில் ஏறினாலும் வெள்ளவத்தையில் இறங்கலாம் என்று யாராவது ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தால் போதும். ஒருவரும் தரவில்லை. கொண்டக்டர் கத்தின கத்தில் ஒரு இடத்தின் பெயரும் விளங்கவில்லை. அம்மா சொன்னபடி ஒருவரோடும் கதைக்காமல் நல்ல பிள்ளையாக இருந்தேன். வெள்ளவத்தை போய், தெஹிவளை போய், கல்கிசை வந்தபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த ஒரு சிங்கள அம்மா "நங்கி, கொஹெத யன்னே?" என்றார், தங்கச்சி எங்கே போகிறாய் என்று. என்னிடம் இருந்த ஒரே பதில் வெள்ளவத்தை. என்னோடு சேர்ந்து அவரும் இறங்கினார். கையைப் பிடித்து வீதியைக் கடத்தி, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏற்றி, அந்த கொண்டக்டரிடம் என்னவோ சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அம்மாவின் புத்திமதியை அன்றைக்கே கல்கிசையில் இறக்கிவிட்டேன்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. தடை போட்டது அம்மாவின் காதில் விழவேயில்லை, ஏற்றினது மட்டும்தான் விழுந்தது. யாருக்குத்தான் அப்படி இல்லை? அவருடைய பயத்துக்கு ஒரு திகதி இருந்தது. இன்றைக்குக் கேள்வி கேட்கிறவர்களின் பயத்துக்குத் திகதி இல்லை. அது பயமே இல்லை என்பது என் எண்ணம். வாய்க்கு ஒரு வேலை.

ஐந்து வருடம் அங்கே இருந்தேன். மூன்று அறை மாறினேன். முதல் வீட்டுக்கார அம்மா தமிழ்தான். சாமித்தட்டில் எங்கள் வீட்டில் இருக்கிற அதே படங்கள். "எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டு, கிளிநொச்சி என்றதும் "ஓ... வன்னியோ" என்று இழுத்தார். அந்த ஓவின் நீளம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். இரண்டு மாத முற்பணம் என்று போனில் பேசினது நேரில் ஆறு மாதமானது. சரி, அதை இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன்.

சொல்ல வந்தது வேறு. மேல்மாடியில் இருந்தவரின் பெயர் மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. ஊரில் என்றால் படலை திறக்கிற சத்தத்திலேயே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவோம். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் யார் செத்தாலும் மணம் வந்துதான் தெரியும் என்று நானும் திட்டியிருக்கிறேன். பிறகுதான் பிடிபட்டது, அயலை நான் தேடினது பிழையான இடத்தில். அங்கே அயல் வீட்டுக்குள் இல்லை, தெருவில் விழித்திருக்கிறவர்களிடம் இருந்தது. ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை அண்ணா. ஓட்டோ நிறுத்துகிற இடத்தில் எப்போதும் பேப்பர் வாசிக்கிற ஐயா. எதிர் அடுக்குமாடிக் காவலாளி. காவலாளி அனுராதபுரப் பக்கத்து ஆள். எட்டு மணிக்கு மேல் நான் வந்தால் ஒழுங்கை முடியும்வரை ரோச் அடித்து வெளிச்சம் காட்டுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. ரோச் இரண்டு பேருக்கும் விளங்கும்.

அறை பார்க்கப் போகிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான். வாடகையையும் குளியலறையையும் பார்க்க முன்னம், இரவு எட்டு மணிக்கு ஒருதரம் அந்த ஒழுங்கையில் நடந்து பார். எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்த லைற் எரியவில்லை என்று பார். கடைக்காரரிடம் ஒரு சவர்க்காரமாவது வாங்கி முகத்தைக் காட்டி வை. மரைன் டிரைவ் பின்னேரம் காற்று வாங்க நல்ல இடம். மழை பெய்து ஆள் குறைந்த நேரத்தில் காலி வீதியாலேயே வா. போன் வீதிப் பக்கக் கையில் வேண்டாம். *#06# அடித்தால் வருகிற 15 இலக்கத்தை, அதுதான் போனின் அடையாள இலக்கம் (IMEI), இன்றைக்கே கொப்பியில் எழுதி வை, போன் போன பிறகு எங்கே அடிப்பாய்? 119 பொலிஸ். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். 1990 அம்புலன்ஸ், அதற்குக் காசு இல்லை. இவ்வளவும் ஒரு கொப்பித் தாளில் அடங்கும். மிளகாய்த்தூள் பொதிக்குள் வைத்து அனுப்பலாம்.

"அப்ப போனைக் கையில வச்சிருந்தது அவளின்ர பிழைதானே, நீங்களே சொல்றீங்கள்" என்று ஒருவர் வருவார். வரட்டும். ஓம், வைத்திருக்கக் கூடாதுதான். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் அவள் பஸ் ஏற முன்னம் அதைச் சொன்னீர்களா? சொன்ன ஒருவராவது இருந்தால் கையை உயர்த்துங்கள்.

"ஓட்டோவில போயிருக்கலாமே." உங்கள் காசிலா?

"படிக்கிற பிள்ளைக்கு ஏன் அவ்வளவு விலையான போன்?" இதற்கு நான் பதில் எழுத மாட்டேன்.

"பொலிசில சொல்ல வேண்டியதுதானே." சொன்னாள். உரிந்த முழங்கையோடு போய் ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் இருந்தாள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதப் போவதில்லை. அங்கே தமிழில் எழுத ஒருவரும் இல்லை. அவள் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்ல, பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதி, இதில் கையெழுத்து வை என்றார். வைத்தாள். தான் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறது என்று அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. நான் பிறந்த வருடமும் அதுதான். இரண்டு பேரும் கிழவியாகிக்கொண்டு வருகிறோம்.

இனி, எனக்கு உண்மையாகவே வலித்த கருத்துக்கு வருகிறேன். எழுதினவர் நல்ல மனிதர், எங்கள் ஊரில் எல்லோரும் மதிக்கிற ஆள், என்னைப் படிப்பித்தவர். "எங்கட மண்ணில இருந்தால் இதெல்லாம் வராது" என்று எழுதியிருக்கிறார். சேர், உங்களோடு வாதம் செய்ய எனக்கு வாய் வராது. எழுதத்தான் வரும்.

2017 இல் ஐ.நா. சனத்தொகை நிதியம் ஒரு ஆய்வை வெளியிட்டது. இலங்கையின் 25 மாவட்டங்களிலும் 2,500 பேரிடம் கேட்டுச் செய்த ஆய்வு. பெண்களில் 90 வீதமானவர்கள் பஸ்ஸிலோ ரெயினிலோ பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பொலிசின் உதவியைக் கேட்டவர்கள் 4 வீதம். 25 மாவட்டம் என்றால் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்குள்தான் சேர். சட்டத்திலும் குறை இல்லை, தண்டனைச் சட்டக்கோவை 345 ஆம் பிரிவு ஐந்து வருடம் வரை உள்ளே போடும். ஆனால் பரந்தனில் ஏறி கிளிநொச்சியில் இறங்குகிற பிள்ளை அதற்காக நீதிமன்றம் போனால், அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்கப்போவது எதை? ஏழரை மணியைத்தான்.

புள்ளிவிவரத்தை விடுவோம். எங்கள் ஒழுங்கைக்கு வாருங்கள். முனையில் இருக்கிற லைற் எரியாமல் இரண்டு மாரி போய்விட்டது. சொல்ல வேண்டியவர்களிடம் மூன்று கடிதம் கொடுத்தேன். மூன்றுக்கும் கிடைத்தது சீல் மட்டும்தான். ரியூசன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் ஏ9 வீதிக்கு ஏறுகிறபோது இருட்டிவிடும். ரிப்பர் லொறிகள் பறக்கிற நேரம். கறுத்த தாரில் கறுத்த மாடு படுத்திருக்கும். அந்தப் பிள்ளைகளின் பின்னால் மோட்டார் சைக்கிளை உறுமிக்கொண்டு போகிற பெடியள் யார், யாருடைய மகன், எந்த வீட்டில் சாப்பிடுகிறான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கொழும்பில் போனைப் பறித்தவன் யாரென்று தெரியாததால் அவனைத் திட்ட எல்லோருக்கும் தைரியம் இருந்தது. அவனைக்கூட நீங்கள் திட்டவில்லையே, அவளைத்தானே திட்டினீர்கள்.

அந்தப் படலைச் சத்தத்தைப் பற்றி மேலே பெருமையாக எழுதினேன் இல்லையா? அதே காதுதான் நான் வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருகிறேன், யார் கொண்டுவந்து விட்டார்கள் என்றும் கணக்கு வைத்திருக்கிறது. ஊருக்குத் திரும்பிய முதல் வருடம் அதுதான் எனக்குப் பெரிய களைப்பு. அனுராதபுரத்து ஐயாவின் ரோச் என் காலடியில்தான் விழுந்தது. ஊர் ரோச் முகத்தில் அடிக்கிறது.

இப்படி எழுதினால் "கொழும்புக்காரியாகிவிட்டாள்" என்று சொல்வார்கள் என்று தெரியும். வெள்ளவத்தையில் நான் வன்னிக்காரி, வன்னியில் நான் கொழும்புக்காரி. நல்லது. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், நாங்கள் பெட்டைகள் இரவு இரண்டு மணிக்கு பங்கரை விட்டு வெளியே ஓடித் தண்ணீர் அள்ளினோம். கஞ்சி வரிசையில் நின்றோம். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்போது ஒருவரும் எங்களிடம் நேரம் கேட்கவில்லை. அன்றைக்கு எங்களை எல்லாம் நம்பின ஊருக்கு, இன்றைக்கு அரை றாத்தல் பாண் வாங்கக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. இதைக் கொண்டுவந்து இங்கே இழுக்கக் கூடாது என்று தெரியும். இழுத்துவிட்டேன். அழிக்க மாட்டேன்.

அவள் அழித்துவிட்டாள். நேற்றுக் கதைத்தபோது சொன்னாள், அப்பா அழிக்கச் சொன்னாராம். கருத்துகளை வாசித்துவிட்டு அவர் இரண்டு நாள் கடைக்கே போகவில்லையாம். இந்தத் தவணையோடு படிப்பை நிறுத்திவிட்டு வா என்றும் ஒரு கதை வீட்டில் ஓடுகிறது. போனை எடுத்தவன் போனை மட்டும்தான் எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பப் போகிறாள். அப்பாவோடு நான் கதைத்துவிட்டேன், இந்தமுறை பகல் ரெயின். கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். என்னுடைய பழைய போனைக் கொடுத்துவிடப் போகிறேன், கண்ணாடி வெடித்திருக்கிறது, யாரும் பறிக்க மாட்டார்கள். 15 இலக்கத்தையும் எழுதி வைத்துவிட்டேன்.

ஒரு உதவி வேண்டும். முறைப்பாட்டின் பிரதி அவளிடம் இருக்கிறது. எனக்குச் சிங்களம் பேச வரும், பொலிஸ்காரரின் கையெழுத்தை வாசிக்க வராது. வாசித்துச் சொல்லக்கூடியவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். மற்றவர்கள் வர வேண்டாம்.