ஓடுகிற சர்வராம், நிறுத்தாமலே மெமரியை நகர்த்தலாமாம்!

காலையில் வந்து பார்க்கிறேன், மெமரி மறுபடியும் 24 ஜிபி. ராத்திரி தூக்கத்தைத் தொலைத்து 32 ஆக்கிவிட்டுப் போன அதே டேட்டாபேஸ் எல்பார். (எல்பார் என்றால், ஒரே பெரிய சர்வர் பெட்டிக்குள் தனி சர்வர்போல ஓடும் ஒரு பங்கு.)

எல்பார்களையெல்லாம் மேய்க்கும் எச்எம்சியின் திரையில் பார்த்தால் எவ்வளவு சுலபம்! எல்பாரைத் தேர்ந்தெடு, 8 என்று அடி, ஓகே. டைனமிக்! நேற்று இரவு 10 மணிக்கு, ஈ காக்கா எட்டிப் பார்க்காத டெஸ்ட் எல்பாரிலிருந்து 8 ஜிபியை எடுக்கலாம் என்று ஓகே அழுத்தினேன். கொஞ்ச நேரம் சுற்றியது. அப்புறம் வந்தது நம் பழைய சிநேகிதர், எச்எஸ்சிஎல்2957 என்ற பிழைச் செய்தி. எச்எம்சியும் எல்பாரும் பேசிக்கொள்ளும் ஆர்எம்சி இணைப்பு இல்லையாம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பிங் போகிறது. எஸ்எஸ்எச் போகிறது. அந்த எல்பாருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன் ஐயா, உனக்கு மட்டும் எப்படி இணைப்பு இல்லை? ஃபயர்வால் ஆளை எழுப்பி, ஆர்எம்சி போகிற 657 போர்ட்டைப் பார்க்கச் சொன்னேன். திறந்துதான் இருக்கிறது, இதற்கா எழுப்பினாய் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். எச்எம்சியில் கட்டளை போட்டுக் கேட்டால் 'ஆக்டிவ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூஜ்யம், அதாவது இணைப்பு இல்லை. ஆர்எம்சியை நிறுத்தினேன், கிளப்பினேன். பூஜ்யம். மறுபடியும் நிறுத்தினேன், கிளப்பினேன், ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். பூஜ்யம்!

கடைசியில் பார்த்தால் புண்ணியவான் யாரோ இந்த டெஸ்ட் எல்பாரை இன்னொன்றிலிருந்து குளோன் செய்திருக்கிறார். ஆர்எம்சி ஆளை அடையாளம் காண்பது நோட் ஐடியை வைத்து; இரண்டுக்கும் அது ஒன்றே. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ரீசிஎஃப்ஜிசிடி என்ற கட்டளையை ஓட்டிப் புது ஐடி கொடுத்தேன். பூஜ்யம் போய் ஒன்று வந்தது. மணி 12.

இனிமேல்தான் கூத்து. எங்கள் பெட்டியில் மெமரி 256 எம்பி துண்டுகளாகத்தான் நகரும். 8 ஜிபி என்றால் 32 துண்டு. 12 துண்டு வந்தது, அவ்வளவுதான். மீதியில் இருக்கிற பக்கங்களை இடம் மாற்ற முடியவில்லையாம். ஒரு வேலையும் செய்யாத எல்பார் அத்தனை மெமரியை எதற்குக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது? ஒவ்வொரு துண்டாகக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடுங்கி முடித்தபோது மணி 2.

விடிகாலையில் வேறொரு டீம் பராமரிப்பு என்று டேட்டாபேஸ் எல்பாரை ஷட்டவுன் செய்து, அதன் அளவுகளை எழுதி வைத்திருக்கும் ப்ரொஃபைலிலிருந்து ஆக்டிவேட் செய்திருக்கிறது. வெறும் ரீபூட் என்றால்கூட என் 8 ஜிபி பிழைத்திருக்கும். ப்ரொஃபைலில் இருந்தது பழைய 24. ஆமாம், புது அளவை அதில் சேமிக்காதது நான்தான். ராத்திரி 2 மணிக்கு யாருக்கு ஐயா அது ஞாபகம் வரும்?

எப்படியும் நிறுத்தப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ப்ரொஃபைலில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு 10 மணிக்கே படுத்திருப்பேன். நிறுத்தக் கூடாது என்பதற்குத்தானே இவ்வளவும்! இதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அதுவும் கை உடைந்த நாற்காலியில். நேற்று வரை நன்றாக இருந்த என் நாற்காலியை எடுத்துக்கொண்டு இதை வைத்துவிட்டுப் போனது யார்? அதை நகர்த்த மட்டும் ஆர்எம்சி தேவைப்படவில்லையோ?