ஒரு கோட்டையின் வயதைச் சொன்ன ஆணித் துளைகள்

போன குளிர்காலத்தில் ஒசாகாவிலிருந்து மட்சுவேக்குப் போய் வந்தேன். மேற்கு ஜப்பானில், ஷின்ஜி ஏரிக்கரையில் இருக்கும் பழைய கோட்டை நகரம். திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஊரைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒசாகா கோட்டையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தக் கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் எழுப்பியது, உள்ளே லிஃப்ட் ஓடுகிறது. கட்டிய காலத்து மரக்கோபுரம் அப்படியே நிற்கும் கோட்டைகள் ஜப்பான் முழுக்கத் தேடினாலும் 12 தான். மட்சுவே அதில் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காலில் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், சாக்ஸைத் தாண்டி மரத்தரையின் சில்லிப்பு ஏறுகிறது. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து, கயிறோ கம்பியோ பிடிக்காமல் ஏற முடியாது. தூண்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மரத்தூணைச் சுற்றிப் பலகைகளை வைத்து, இரும்புப் பட்டையாலும் கொக்கிகளாலும் இறுக்கியிருக்கிறார்கள். மொத்தமுள்ள 308 தூண்களில் 130 இப்படிப் பலகை போர்த்தியவை. தச்சனின் கை பட்ட இடம் இன்றும் தெரிகிறது.

இந்தக் கோட்டைக்கு ஒரு குறை இருந்தது. 1935-ல் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்தார்கள். 1950-ல் புதுச் சட்டம் வந்ததும் ஒரு படி இறக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார்கள். ஆனால் எந்த ஆண்டு கட்டி முடித்தார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் வேண்டியிருந்தது. 2012-ல் கோட்டை வளாகத்திலேயே உள்ள ஷின்டோ கோயிலில் இரண்டு பழைய வேண்டுதல் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் கெய்ச்சோ 16, அதாவது 1611 என்று எழுதியிருந்தது. சரி, அவை இந்தக் கோபுரத்தில்தான் இருந்தன என்பதற்கு என்ன சாட்சி? பலகையிலிருந்த ஆணித் துளைகளைக் கீழ்த்தளத் தூண்களில் இருந்த துளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்திவிட்டது! 2015-ல் மறுபடியும் தேசியப் பொக்கிஷம் ஆனது. அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நானூறு வருஷத்துக்கு முன் யாரோ அடித்த ஆணி சாட்சி சொல்லியிருக்கிறது.

ஆனால் அந்தத் தூண்கள் 1875-லேயே விறகாகியிருக்க வேண்டியவை. சாமுராய் ஆட்சி முடிந்து, கோட்டைகளெல்லாம் வேண்டாத சுமையாகிவிட்ட காலம் அது. மட்சுவேயில் சுற்றியிருந்த காவல் கோபுரங்களை நாலைந்து யென்னுக்கும், நடுக்கோபுரத்தை 180 யென்னுக்கும் ஏலம் விட்டார்கள். கத்சுபெ மொதோஎமோன் என்ற விவசாயியும் தகாகி கொன்பாச்சி என்ற முன்னாள் சாமுராயும் அந்தத் தொகையைக் கட்டி நடுக்கோபுரத்தை மட்டும் மீட்டார்கள். மற்றதெல்லாம் போய்விட்டது. கட்டிய ஹொரியோ யோஷிஹாருவின் பெயரைப் பயணக் கையேடுகள் எல்லாம் சொல்கின்றன. என்னைக் கேட்டால் இந்த இரண்டு பேரின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

மட்சுவே என்றால் கோட்டை மட்டுமில்லை. அகழி தூர்ந்து போகாமல் இன்றும் ஊரைச் சுற்றித் தண்ணீரோடு கிடக்கிறது, அதில் படகு விடுகிறார்கள். குளிருக்கு, போர்வை போர்த்தி அடியில் சூடு வைத்த கொதாத்சு மேசைக்குள் காலை நீட்டிக்கொள்ளலாம். தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரையே இறங்குகிறது, எல்லோரும் தலையைக் குனிய வேண்டும். இந்த ஊரை ஆண்ட மட்சுதைரா குடும்பத்தின் ஏழாம் பிரபு மட்சுதைரா ஃபுமாய் தேநீர்க் கலையில் பெரிய மனிதர். அவர் காலத்து மேமேயான் தேநீர்க் குடில் இன்றும் இருக்கிறது, வீடுகளில் சாதாரணமாக மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் தேநீர் குடிக்கும் பழக்கமும் இருக்கிறது.

இப்போது அங்கே வேறொரு சர்ச்சை. கோட்டைக்குப் பக்கத்தில் 19 மாடிக் குடியிருப்பு. கோபுரத்தைவிட உயரம். தனியார் நிலம், சட்டப்படிதானே கட்டுகிறார்கள் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கோட்டையின் மேல்தளத்திலிருந்து நாலு பக்கமும் மலை, ஊர், ஏரி என்று விரியும் காட்சிக்காகவும்தானே அந்தக் கோபுரத்தை அங்கே வைத்தார்கள்? தூணைக் காப்பாற்றிவிட்டுப் பார்வையை விட்டுக்கொடுப்பது எனக்கு ஏற்பில்லை. உயரக் கட்டுப்பாட்டை அந்த ஊர் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும்.

ஒசாகா, கியோத்தோ வரை வருகிறவர்கள் இன்னும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒகயாமாவிலிருந்து யாகுமோ ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். கோட்டைக்குள் நுழைந்ததும் மேலே ஏற அவசரப்படாதீர்கள். கீழ்த்தளத்தில் ஒரு கிணறும் அந்தத் தூண்களும் இருக்கின்றன. அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.