உரலுக்கு வாடகை உண்டு, இடித்தவளுக்கு?

வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிவந்து எங்கள் ஊரில் கிராமச் சுற்றுலா என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்களே, அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். இதுவரை இருபத்தேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் நான்கு முறை வந்துவிட்டது. "உங்க ஊரு கலக்குது" என்று இதயம் வேறு. ஆமாம், பச்சைக் கண்டாங்கி கட்டி நெல் இடிப்பது என் சித்திதான். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் உலக்கையை வாங்கி ஒரு குத்துக் குத்திவிட்டுச் சிரிக்கிறாரே, அது எங்கள் ஊர் மந்தைத் திடல்தான். கடைசியில் ஒருவர் மைக்கைப் பிடித்து "கிராமப் பொருளாதாரம் தலைநிமிர்கிறது" என்கிறார் இல்லையா, அந்த இடத்தில்தான் எனக்குக் காபி புரையேறியது.

வீடியோவில் இல்லாததை நான் சொல்கிறேன்.

அந்த உரல் எங்கள் ஊர் உரல் இல்லை. காரைக்குடியிலிருந்து லோடு ஆட்டோவில் வந்தது. ஒரு நாள் வாடகை 800 ரூபாய், ஏற்றி இறக்குகிற கூலி தனி. ஆட்டோ ஓட்டி வந்த தம்பி என் அண்ணன் மகனோடு படித்தவன், அவன் சொன்ன கணக்கு இது. காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, ஒவ்வொரு வேனாக வந்து நிற்க நிற்க, இடித்த நெல்லையே திரும்பப் போட்டு இடித்துக் காட்டிய என் சித்திக்குக் கிடைத்தது ஒரு சால்வை. உரலுக்கு வாடகை உண்டு. இடித்தவளுக்கு இல்லை.

சால்வையைக் குறை சொல்லவில்லை. நல்ல சால்வைதான், கம்பளி. சிவகங்கை மாவட்டத்தில் அதைப் போர்த்திக்கொள்ள ஒரு நாள் வாய்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் சாப்பாடு. "பாரம்பரியச் செட்டிநாட்டுக் கிராமத்து விருந்து" என்று பேனர் கட்டியிருந்தார்கள். சமையல் வெளியூர் ஹோட்டலில் ஆகி, வேனில் வந்து இறங்கியது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முந்நூறு இலை போடுகிற சமையல்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சரி, சமையல்தான் சுத்தம், தரம் என்று ஏதோ காரணம் சொல்வார்கள். இலை? வாழை இலைகூடக் கட்டுக்கட்டாக அதே வேனில் வந்தது. பந்தி போட்ட கொட்டகைக்குப் பின்னால் வாழைத் தோட்டம். உட்கார்ந்திருந்தவர் எட்டிக் கையை நீட்டியிருந்தால் அவரே ஒரு இலை அறுத்துக்கொண்டிருக்கலாம்.

தண்ணீர் பாட்டிலும் அவர்களே கொண்டுவந்தார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோகத்தான் வேனில் இடமில்லை போல. மறுநாள் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் குனிந்து பொறுக்கினார்கள். ஊரிலிருந்த ஒரே பெட்டிக்கடையில் அன்று அதிகப்படியாக விற்றது என்ன என்று கேட்டேன். நாலு சிகரெட், ஒரு தீப்பெட்டி, ஏழு கடலை மிட்டாய்.

நான் கேட்பது ஒரே கேள்வி. ஊரில் எவ்வளவு தங்கியது? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாட்டிலிருந்து வந்தார்கள், வீடியோ எத்தனை லட்சம் பேரைப் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் அப்புறம். ஊரில் எவ்வளவு தங்கியது?

சுற்றுலா என்றாலே நமக்குத் தலையெண்ணிக்கைதான். 2022ல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 21 கோடிக்கு மேல், நாட்டிலேயே இரண்டாம் இடம் என்று மார்தட்டினோம். அதில் பெரும்பாலும் கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2023ல் மாநிலத்துக்குத் தனிச் சுற்றுலாக் கொள்கை வந்தது, சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்தும் கிடைத்தது. நல்லது. தொழில் என்று சொல்லிவிட்டால் கூலி என்று ஒன்று இருக்கவேண்டும் இல்லையா? மில்லில் ஆள் நிறுத்தினால் கூலி. கிராமத்தில் ஆள் நிறுத்தினால் சால்வையா?

இதைச் சொன்னதும் வரப்போகிற முதல் கமெண்ட் எனக்கே தெரியும். "சென்னையில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு கிராமத்தைப் பற்றிப் பேசாதே." பேசுவேன். பதினெட்டு வயது வரை அந்த மந்தையில் வளர்ந்தவள் நான். ஊரில் வேலை இருந்திருந்தால் நான் ஏன் வேளச்சேரியில் மாதம் பதினாறாயிரம் வாடகை கொடுக்கிறேன்? என் வீட்டில் ஏசியும் இல்லை, இருக்கட்டும்.

இரண்டாவது கமெண்ட், "வளர்ச்சி வந்தாலே உங்களுக்கு எரியும்." இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்கிறேன். கிராமச் சுற்றுலா வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்கிறவள் நான். பத்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய அரசு கிராமச் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து நாடு முழுக்க 36 இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் எங்கள் காரைக்குடியும் கழுகுமலையும். ஒரு ஊருக்குக் கட்டுமானப் பணிக்கு 50 லட்சம் வரை, பயிற்சிக்கு 20 லட்சம் வரை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். இனிமேல் ஊரிலேயே பிழைப்பு என்று கனவு கண்டவள் நான். என்னைப் பார்த்து வளர்ச்சிக்கு எதிரி என்கிறீர்கள்.

அந்த 36ல் கட்ச் பகுதியின் ஹோட்கா என்ற ஊரும் ஒன்று. பன்னி புல்வெளியில் இருக்கிறது. அங்கே தங்கும் குடிசைகளை நடத்துவது ஊர்க்காரர்களின் கமிட்டி. சமைப்பவர்கள் அவர்கள், வழிகாட்டுபவர்கள் அவர்கள், கணக்கு எழுதுவதும் அவர்கள். அதே திட்டம், அதே அரசாங்கம். பக்கத்துக் கேரளாவில் 2008ல் குமரகத்தில் பொறுப்புச் சுற்றுலா என்று ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய ரிசார்ட்டுகள் காய்கறி, மீன், முட்டை எல்லாம் உள்ளூரிலிருந்தே வாங்கவேண்டும் என்று பேசி முடித்தார்கள். குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுப் பெண்கள் பயிரிட்டுக் கொடுத்தார்கள், விலையைக் கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்தது. ஆரம்பத்தில் திணறினார்கள்தான். கேட்ட அளவு கொடுக்க முடியவில்லை, கொடுத்தபோது வாங்க ஆளில்லை. விடாமல் உட்கார்ந்து சரிசெய்தார்கள். லடாக்கில் விருந்தாளிகளை வீட்டுக்கு வீடு முறை வைத்து அனுப்புகிற ஊர்கள் இருக்கின்றன, பெரிய வீடு மட்டும் சம்பாதித்துவிடக் கூடாது என்பதற்காக. நம் ஊரில் குளத்துத் தண்ணீருக்கு முறை வைத்தவர்கள்தானே நாம்? வாழை இலையை நாலு அடி தூரத்திலிருந்து வாங்க நமக்கு எந்த நாட்டு நிபுணர் வந்து சொல்லவேண்டும்?

"முதலில் வரட்டும், பணம் தானாக இறங்கும்" என்பார் இன்னொருவர். எங்கள் பகுதிக்கு வராமல் இல்லையே. செட்டிநாட்டு ஊர்கள் 2014லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பெரிய வீடுகளைப் பார்க்க ஆண்டு முழுக்கக் கார் வருகிறது. சித்தப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை, டிவிஎஸ் 50யில் போய் வருகிறார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை ஒரே தூக்காகத் தூக்குவார். ஒரு துளி நகராது. அதன் மேல் மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு இழுத்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட வேண்டும். பார்க்க அழகு, எனக்கே இன்னும் அலுக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் "ஒன்ஸ் மோர்" கேட்கிறார்கள். சித்தப்பா பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர். ஒரு கூட்டத்துக்கு நின்று நிதானமாகச் செய்து காட்டினால் அரை மணி நேரம் போச்சு, அந்த அரை மணியில் போடவேண்டிய கல்லுக்கான கூலியும் போச்சு. பார்த்தவர்கள் கல் வாங்குவார்களா? சிமெண்டுக் கல்லைப் பெட்டியில் போட்டு எந்த விமானத்தில் ஏற்றுவது? கூட்டி வந்த வழிகாட்டிக்கு உண்டு, காருக்கு உண்டு, ஹோட்டலுக்கு உண்டு. கையைக் காட்டினவருக்கு, "சூப்பர் சார்."

அப்படியானால் நீயே ஏதாவது செய்து காட்டேன் என்கிறீர்களா? முயற்சி செய்தேன். 2025 பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேவுக்கு முத்ரா கடன் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் பூர்வீக வீடு பெரிய வீடு இல்லை. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, நடுவில் சின்ன முற்றம், இரண்டு அறை. கழிப்பறையை மட்டும் சரிசெய்தால் இரண்டு பேர் வசதியாகத் தங்கலாம், சித்தி சமைத்துப் போடுவார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனேன். பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் போய் நிற்கவேண்டும். மேனேஜர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "ஹோம்ஸ்டேன்னா லாட்ஜா மேடம்?" என்றார். விளக்கினேன். நத்தம் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர், ஒருவர் மலேசியாவில். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாட்டுக் கடன் வேணும்னா இந்த வாரமே முடிச்சுத் தர்றேன்" என்றார். மாட்டுக்குப் பட்டா கேட்கமாட்டார்களாம்.

பழங்குடி கிராமங்களில் ஆயிரம் ஹோம்ஸ்டே, புதிதாகக் கட்ட 5 லட்சம் வரை, பழையதைச் சீர்செய்ய 3 லட்சம் வரை என்று 2024ல் ஒரு திட்டம் வந்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கேயும் பட்டாவில் தாத்தாக்கள் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

"சித்தியைக் கட்டாயப்படுத்தியா கூட்டிப்போனார்கள்? விருப்பப்பட்டுத்தானே போனார்?" இந்தக் கேள்விதான் என்னைக் குடைகிறது. ஆமாம், விருப்பப்பட்டுத்தான் போனார். முதல் நாள் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து கண்டாங்கியை எடுத்து, பக்கத்து வீட்டில் அயர்ன் பண்ணி. வலது தோள்பட்டை இரண்டு வருடமாக வலி, கையைத் தலைக்கு மேல் தூக்கமாட்டார். வீட்டில் உரல் இடித்து முப்பது வருடம் இருக்கும், ரைஸ் மில்லும் மிக்ஸியும் வந்த பிறகு யார் இடிக்கிறார்கள்? யாரும் இடிக்காத உரலை யாரும் வாழாத ஒரு வாழ்க்கையாகக் காட்டுவதற்கு அவரைக் கூப்பிட்டார்கள். போனார். மறுநாள் கை எழவில்லை. ஊசி போட்டு மாத்திரை வாங்கியதில் 340 ரூபாய். இதையும் கிராமப் பொருளாதாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம், மெடிக்கல் ஷாப் ஊருக்குள்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு உரல் இருந்தது. அப்பத்தாவுடையது, கருங்கல். விளிம்பில் ஒரு பக்கம் தேய்ந்து பளபளவென்று இருக்கும், அப்பத்தா கை ஊன்றுகிற இடம். சின்ன வயதில் நான் அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீரைப் பிடித்துக் கப்பல் விடுவேன். அப்பத்தா போன மறு வருடம், பழைய சாமான் எடுக்க வந்தவரிடம் 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்த சாமான்களெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் போய்ச் சேரும். நான்கைந்து வருடம் கழித்து ஆபீஸ் கூட்டத்துக்காக ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். புல்தரையில் வரிசையாக ஆறு உரல். எல்லாவற்றிலும் மண் நிரப்பி டேபிள் ரோஸ் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். கூட வந்தவர்கள் போட்டோ எடுக்கிறேன் என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

சரி, விஷயத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன். அந்த வீடியோவில் மைக்கைப் பிடித்தவருக்கு ஒன்றே ஒன்று. அடுத்த தடவை பேனர் அடிக்கும்போது கீழே ஒரு வரி சேருங்கள். மொத்தச் செலவு இவ்வளவு, அதில் இந்த ஊர்க்காரர்கள் கைக்குப் போனது இவ்வளவு. கிராம சபையில் அதை வாசித்துக் காட்டுங்கள். ஊரில் எவ்வளவு தங்கியது என்று நான் கேட்டால் "எதிர்மறை" என்கிறீர்கள், ஆடிட்டர் கேட்டால் கொடுப்பீர்கள் அல்லவா?

இதை நேற்றிரவே பாதி எழுதிவிட்டு, சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். முழுவதும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏத்தா, இதைப் போடணுமா?" என்றார்.

"ஏன் சித்தி?"

"இல்ல... அடுத்த வருசமும் நான்தான் வரணும்னு சொல்லிட்டுப் போயிருக்காக. அதே பச்சச் சேலைதான் வேணுமாம்."

தோள்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தேவலை என்றார். அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.