‘நீங்க குழந்தைக்கு யாரு?’

சென்ற ஐப்பசியில் ஏற்காட்டில் மழை விடாமல் பெய்த இரண்டு நாட்களில், என் தங்கை மகளும் அவளுடைய இணையரான பெண்ணும் வாழும் வீட்டில் அமர்ந்து, தன்பாலினப் பெற்றோரின் குழந்தைப் பொறுப்பு வழக்குகளைப் பற்றிய மூன்று அமெரிக்கத் தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்தேன். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாலை ஆறு மணிக்கு மேல் தமிழ்த் தொடர்களைத் தவறவிடாமல் பார்ப்பவள். அந்த மூன்று படங்களும் என்னை ஒரு மாதமாக விடவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

1978-இல் வந்த ‘எ கொஸ்டின் ஆஃப் லவ்’ டெக்சாஸில் நடந்த ஓர் உண்மை வழக்கைத் தழுவியது. ஜீனா ரோலண்ட்ஸ் நடித்த தாய் இன்னொரு பெண்ணுடன் வாழ்கிறாள் என்பதையே காரணமாகக் காட்டி, முன்னாள் கணவர் இளைய மகனைக் கேட்டு வழக்குத் தொடுக்கிறார், தாய் தோற்கிறாள். 1996-இல் வந்த ‘டூ மதர்ஸ் ஃபார் ஸக்கரி’யில் வழக்குப் போடுவது பாட்டி, தான் பெற்ற மகளின் மீதே. அதற்கு அடிப்படையான வர்ஜீனியா வழக்கில் 1993-இல் பாட்டிக்கும், 1994-இல் மேல்முறையீட்டில் தாய்க்கும், 1995-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் மறுபடி பாட்டிக்குமாகத் தீர்ப்பு மாறியது. இரண்டு படங்களிலும் கூண்டில் ஏற்றப்படுவது தாயின் படுக்கையறைதான். குழந்தைக்கு யார் சோறு ஊட்டினார், பள்ளிக்கு யார் கூட்டிப் போனார் என்ற கேள்விகள் அதன் நிழலில் மறைந்துவிடுகின்றன.

2001-இல் வந்த ‘வாட் மேக்ஸ் எ ஃபேமிலி’ இவ்விரண்டையும் விட எனக்கு நெருக்கமானது. களம் ஃபுளோரிடா; தன்பாலினத்தவர் தத்தெடுக்கக் கூடாது என்று 1977 முதல் 2010 வரை சட்டம் நடைமுறையில் இருந்த மாநிலம். பெற்றவள் நோயில் இறந்துபோகிறாள். அவளுடன் சேர்ந்து வளர்த்தவளிடமிருந்து குழந்தையை இறந்தவளின் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். வளர்த்தவள் போராடி மீட்கிறாள். அந்த இரண்டாவது தாயை நடுவில் வைத்ததற்காகவே அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மரணம் நிகழ்ந்த பிறகே அவளுடைய உரிமை கேள்வியாகிறது என்பது எனக்கு உறுத்துகிறது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழ எந்த மரணமும் தேவைப்படவில்லை.

என் தங்கை மகள், தத்தெடுப்பை முறைப்படுத்தும் மத்திய அமைப்பான காராவில் தனிப் பெண்ணாகப் பதிந்து, காத்திருந்து, எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்தாள். இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வழியில்லை, ஏனென்றால் தம்பதியாகத் தத்தெடுக்க இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் 2023 அக்டோபர் 17 அன்று ஏற்க மறுத்தார்கள். குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. ஒருத்தியை அம்மா என்றும், மற்றவளைப் பெரியம்மா என்றும் அழைக்கிறாள். அக்கம்பக்கத்தின் வாயை அடைக்கவே அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அதுவே அவளுக்கு உண்மையான உறவாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஓர் இரவில் குழந்தைக்குக் கடுமையான வயிற்றுவலி. அம்மா வேலையாக வெளியூரில் இருந்தாள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் காரோட்டி இறங்கி, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தவள் பெரியம்மா. குடல்வால் அறுவைக்குச் சம்மதக் கையொப்பம் வேண்டும் என்றபோது, ‘நீங்க குழந்தைக்கு யாரு?’ என்று கேட்டார்கள். ‘பெரியம்மா’ என்றாள். ‘அம்மா கூடப் பிறந்தவங்களா?’ என்று அடுத்த கேள்வி வந்தது. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பின்னர் அம்மாப்பேட்டையிலிருந்து நான் ஆட்டோ பிடித்துப் போய், ‘பாட்டி’ என்று சொல்லிக் கையொப்பமிட்டேன். மாதம் ஒருமுறை குழந்தையைப் பார்க்கும் என்னை யாரும் எந்தப் பாட்டி என்று கேட்கவில்லை. எட்டு மாதக் குழந்தையிலிருந்து இரவும் பகலும் அவளை வளர்த்தவள், குழந்தையின் செருப்பைக் கையில் பிடித்தபடி சுவர் ஓரமாக நின்றிருந்தாள்.

நம் தொடர்களிலும் குழந்தை யாருக்கு என்ற கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை எல்லாம் டி.என்.ஏ. பரிசோதனைக் காகிதம் உறையிலிருந்து வெளிவரும் காட்சியில் போய் முடிகின்றன. ரத்தம் தெரிந்துவிட்டால் வழக்கு முடிந்தது. அந்தக் காகிதம் எங்கள் வீட்டில் எதையும் தீர்க்காது, ஏனென்றால் அந்த இரு பெண்களில் எவருடைய ரத்தமும் குழந்தையிடம் இல்லை.

இதைச் சேலத்துக்காரர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நான் நம்பக் காரணம் இருக்கிறது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று அரசே கேட்டுக்கொண்டது. அந்தத் தொட்டில்களிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு முன்பின் அறியாதவர்கள் தாய் தந்தை ஆனார்கள். அகப்பாடல்களில் பெற்றவளுக்கு நற்றாய் என்றும், வளர்த்தவளுக்குச் செவிலித்தாய் என்றும் பெயர் வைத்து, மகள் உடன்போக்கில் சென்ற துயரத்தை இருவர் வாயிலும் பாடவிட்ட மொழி நம்முடையது. வளர்த்தவளின் அழுகை அங்கே ஒரு மாற்றும் குறைந்ததில்லை.

இப்படி ஒரு கதையைத் தமிழில் எழுத முன்வருபவர்களிடம், சட்டத்தைத் தயவுசெய்து சரியாகப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் கதையின் கனமே அங்கேதான் இருக்கிறது. நாளை என் தங்கை மகளுக்கு ஏதேனும் நேர்ந்தால், மற்றவள் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மனு செய்யலாம். குழந்தையின் உறவினரோ நண்பரோ மனு செய்ய அச்சட்டத்தில் இடமுண்டு. காய்ச்சலில் கண்விழித்தவள், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள், ‘நண்பர்’ என்ற சொல்லுக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறும் நிலை வரலாம். அதே சட்டம், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்கிறது. பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்து நீதிபதி பேசும் அந்த ஒரு காட்சிக்காக, நூறு அத்தியாயங்கள் காத்திருக்க நான் தயார்.

நல்ல நீதிபதியைக் கற்பனை செய்யவும் வேண்டியதில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், இந்த வாழ்க்கையைப் பற்றித் தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் அமர்ந்து பேசிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜூன் 7 அன்று ஆணை வழங்கினார். குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. இவை நம் ஊர்த் தீர்ப்புகள்.

அந்த இரண்டாவது தாயைத் தெய்வமாக ஆக்கிவிடாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியம்மாவுக்குக் கோபம் அதிகம். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் பிள்ளையைக் கடிந்துகொள்வாள், பிறகு இரவில் அவளே பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுப்பாள். குறையுள்ள தாய்மார்களிடமிருந்து எந்த நீதிமன்றமும் பிள்ளைகளைப் பிடுங்குவதில்லை. இவள் மட்டும் ஏன் அப்பழுக்கில்லாதவளாக இருந்து காட்ட வேண்டும்?

இருவரின் அனுமதியுடன்தான் இதை எழுதினேன். பதிவிடுவதற்கு முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, ‘செருப்பு இல்ல பெரியம்மா, அவளோட ஸ்வெட்டர்’ என்று என் தங்கை மகள் என்னைத் திருத்தினாள். ‘இல்ல, செருப்புதான்’ என்றாள் அன்று சுவர் ஓரமாக நின்றவள்.