கட்டுவதற்குப் பத்துப் பேர், அவிழ்ப்பதற்கு ஒருவர் இல்லை

வயிறு எரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் பெருக்கிவிட்டு, வீட்டு முன்னால் நிற்கும் புங்கமரத்தில் கை ஊன்றினேன். விரல் ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. குனிந்து பார்த்தால் உள்ளே பச்சை ஒயர். தீபாவளிக்குச் சுற்றும் சீரியல் செட். அதுவும் போன வருஷத்தது இல்லை, அதற்கும் முந்தின வருஷத்தது. பட்டை அதை முக்கால்வாசி விழுங்கிவிட்டது. ஒயருக்கு மேல் பக்கம் மரம் வளையல் போட்டது மாதிரி புடைத்து நிற்கிறது, கீழ்ப் பக்கம் ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு முழம் மேலே நாலு அங்குல ஆணி ஒன்று. ஒயரை இழுத்து மாட்டுவதற்காம். ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கிறது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த அன்று எங்கள் தெரு முனையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. சென்னை முழுக்க அன்றைக்கு விழுந்த மரங்களுக்குக் கணக்கே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் நான் வைத்த கன்று இது. ஆடு கடிக்காமல் முள் கட்டி, 2019இல் தெருவே தண்ணீருக்குக் குடம் தூக்கி அலைந்தபோது பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக் காப்பாற்றிய மரம். முதல் தடவை இதில் விளக்குக் கட்டும்போது அடிமரம் என் இரண்டு கைக்குள் அடங்கியது. இப்போது விரல் நுனிகள் எட்டவே எட்டாது. மரம் பருத்துக்கொண்டே போகும், ஒயர் நீளுமா? இவ்வளவுதான் விஷயம். இது புரிய பெரிய படிப்பு வேண்டுமா?

லைட் கட்ட வந்த தம்பியிடம் போன வருஷமே சொன்னேன். "அக்கா, பாருங்க, இலையெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கு. ஒயர் சுத்துனா மரம் என்ன செத்தா போயிடும்?" என்றார். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். வேர் உறிஞ்சும் தண்ணீர் தண்டின் உள்பக்கமாக மேலே ஏறுகிறது. இலை சமைக்கிற சாப்பாடு பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கு வழியாகக் கீழே இறங்குகிறது. ஒயர் நெரிப்பது அந்தப் பட்டைப் பக்கத்தை. அதனால் தண்ணீர் ஏறும், இலை பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பாடு இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்குகிறது. அந்தப் புடைப்பு அதுதான். கீழே வேர் பட்டினி கிடக்கிறது. வேர் இளைத்த மரம் ஒரு புயலுக்கு விழும். "காத்துல விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுவோம்.

ஓட்டல்களில் தென்னைக்கும் பனைக்கும் அடி முதல் நுனி வரை விளக்குச் சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. தென்னையும் பனையும் வேறு ஜாதி. அவை புங்கை, வேம்பு மாதிரி வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போவதில்லை, பட்டைக்கு அடியில் மரத்தைப் பருக்கவைக்கிற அடுக்கும் அவற்றுக்குக் கிடையாது. அதனால் சுற்றினால் நெரியாது. ஆனால் அதில் ஆணி அடித்தால் அந்த ஓட்டை ஆயுசுக்கும் மூடாது. வேம்பாவது காயத்தைச் சுற்றிச் சதை வளர்த்து மூடப் பார்க்கும், தென்னைக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

பொழுது சாய்ந்த பிறகு பூப் பறிக்கப் போனால் எங்கள் ஆத்தா கையைத் தட்டிவிடும், "செடி தூங்குது, விடு." அப்படி வளர்ந்த நாம்தான் தீபாவளியில் ஆரம்பித்துப் பொங்கல் வரை ராத்திரி முழுக்க மரத்தை மினுக்கிக்கொண்டே வைத்திருக்கிறோம். இந்தப் புங்கையில் சாயங்காலம் மைனாக்கள் வந்து அடையும். விளக்குப் போட்டதும் அவை காணாமல் போயின.

நான் விளக்கே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. என் பிள்ளைக்கும் அது பிடிக்கும். கட்டுங்கள், ஆனால் ஆணி வேண்டாம், கட்டுக்கம்பி வேண்டாம். அடிமரத்தை இறுக்கிச் சுற்றாமல் கிளையில் தொங்கவிடுங்கள். கட்டியே ஆகவேண்டும் என்றால் சணல் கயிறு, நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. எல்.இ.டி. போதும், இலைக்குப் பக்கத்தில் சூடு கக்கும் ஹாலஜன் ஃபோகஸ் லைட் எதற்கு? பத்து மணிக்கு அணைந்துவிடுகிற மாதிரி ஒரு டைமர் போடுங்கள். இல்லையா, இரண்டு சவுக்குக் கம்பு நட்டு நடுவில் தோரணமாக இழுத்துவிடுங்கள், மரத்தைத் தொடவே வேண்டாம். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் எல்லாமே வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்டை நனைந்த மரத்தில் ஒட்டவைத்துவிட்டு, அதன் அடியில் குழந்தைகளை விளையாட விடுகிறோமே, பயமாக இல்லையா?

மும்பையில் இதற்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். 2024இல் மாநகராட்சி மரங்களிலிருந்த அலங்கார விளக்குகளைக் கழற்றத் தொடங்கியது. ஒரு ஒயரை அவிழ்க்க நீதிமன்றம் வரை போகவேண்டுமா?

விளக்குக் கட்ட ஆள் வைக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரிடம் போனேன். "ஏம்மா, அடுத்த வருஷமும் கட்டத்தானே போறோம், எதுக்கு அவுத்து அவுத்துக் கட்டணும்?" என்கிறார். கட்டும் கூலி கணக்கு நோட்டில் இருக்கிறது. அவிழ்க்கும் கூலி ஒரு வருஷம்கூட இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் ஏணியோடு யாரும் வருவதில்லை. எனக்குத் தாங்க முடியாதது இதுதான்.

அன்றைக்கு மதியம் வரை கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்திருந்தேன். புதைந்த ஒயரை இழுக்கக் கூடாது, இழுத்தால் பட்டையும் பிய்ந்து வரும். வெளியே தெரிகிற இடங்களில் துண்டு துண்டாக நறுக்கி, நெரிப்பை மட்டும் விடுவித்தேன். பதினொரு துண்டு வெளியே வந்தது. மிச்சம் உள்ளேயே கிடக்கிறது, இனி அது மரத்தோடுதான் இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மறுபடி ஆள் வருகிறாராம். சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவிழ்க்கிற தேதியையும் அவிழ்க்கப்போகிற ஆள் பெயரையும் முதலில் நோட்டில் எழுதுங்கள், அப்புறம் என் மரத்தில் ஏணியைச் சாத்துங்கள்.