அம்மில அரைச்ச ருசி

நேத்து சாயங்காலம் சேலம் அம்மாபேட்டைல தட்டுவடை செட் (ரெண்டு தட்டைக்கு நடுவுல சட்னியும் காயும் வெச்சது) சாப்டுட்டு நின்னப்ப பக்கத்துல ஒரு அண்ணன், "என்ன இருந்தாலும் அம்மில அரைச்ச சட்னி ருசி மிக்சில வருமா"ன்னார். நான் ஒண்ணும் பேசல. ஆனா ராத்திரி பூரா மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

எங்க அம்மாயி, அதான் எங்கம்மாவோட அம்மா, இதே அம்மாபேட்டைல வாசல்ல தட்டுவடை செட் போட்டவங்க. காரச்சட்னி, கொத்தமல்லி சட்னி ரெண்டும் தினமும் அம்மில தான். மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்தா நாலு மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. வரமிளகா அரைச்ச கை ராத்திரி வரைக்கும் எரியும், தேங்காண்ணெய் தடவிட்டு ஈரத்துணிய சுத்திக்கிட்டு தான் படுப்பாங்க. போகப்போக வலது கைய தோளுக்கு மேல தூக்க முடியல, தலை பின்னிவிட எங்கம்மா தான் வேணும். கல்யாணத்துல அம்மி மிதிக்கறது ஒரு நிமிஷம், அதுக்கப்புறம் நாப்பது வருஷம் அந்தக் கல்லோட தான் பொழப்பு.

மிக்சி எப்படி வந்துச்சுன்னு பாருங்க. சத்ய பிரகாஷ் மாத்தூர்னு ஒரு இன்ஜினியர், அவர் மனைவி மாதுரி வெச்சிருந்த ஜெர்மன் மிக்சி பழுதாகிப் போச்சு, இங்க அதை சரி பண்ண வழியில்ல. வெள்ளைக்காரங்க மிக்சி கேக் மாவு கலக்கவும் ஜூஸ் போடவும் செஞ்சது, அதுல காஞ்ச மிளகாயும் மஞ்சளும் தேங்காயும் போட்டா மோட்டார் என்ன பண்ணும்? அப்புறம் நம்ம அரைப்புக்குத் தாங்கற மாதிரி அவரே ஒண்ணு செஞ்சார். 1963ல சுமீத் மிக்சி வந்தது அப்படித்தான்.

ரைஸ் குக்கரும் இதே கதை தான். தோஷிபா கம்பெனி 1955ல வித்த குக்கர டிசைன் பண்ணினது மினாமி யோஷிததா, ஆனா நாள் பூரா சோறு வடிச்சு வடிச்சு எத்தனை டிகிரில எவ்வளவு நேரத்துல வேகுதுன்னு குறிச்சது அவர் மனைவி ஃபுமிகோ. ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு பாத்திரம், வெளிப் பாத்திரத்துல ஊத்தின தண்ணி இருவது நிமிஷத்துல வத்தினதும் சூடு 100 டிகிரி தாண்டும், உடனே சுவிட்ச் தானா ஆஃப் ஆயிரும். எவ்வளவு சிம்பிளான யோசனை! மாதுரி, ஃபுமிகோ ரெண்டு பேரும் அடுப்படில பட்ட பாடு இல்லன்னா இந்த ரெண்டு மெஷினும் இல்ல, ஆனா அவங்க பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? இது எனக்கு நெஜமாவே வருத்தம்.

நம்ம கோயமுத்தூர் கிரைண்டர் 1955ல சபாபதிங்கறவர் செஞ்சது. ஆட்டாங்கல்லுல குழி அப்படியே இருக்கும், குழவிய நாம சுத்தணும். கிரைண்டர்ல அதை அப்படியே திருப்பிட்டாங்க, கல்லு சுத்துது, குழவி ஒரே எடத்துல நிக்குது. மாவு ஆட்டறத பக்கத்துல உக்காந்து பாத்தவங்களுக்குத் தான் அப்படித் தோணும்னு நெனைக்கறேன்.

எங்க வீட்ல நடுவுல ஒரு செகண்ட் ஹேண்ட் மிக்சி வாங்கினோம். ரெண்டே மாசத்துல காயில் எரிஞ்சு போச்சு, திரும்பக் காயில் கட்ட காசில்ல, அம்மாயி மறுபடியும் அம்மிக்கே போய்ட்டாங்க. 1963ல வந்த சாமான் எங்க வீட்டுக்கு ஒழுங்கா வந்தது 2011க்கு அப்புறம், அரசாங்கம் மிக்சி கிரைண்டர் ஃபேன் குடுத்தப்ப தான். கிட்டத்தட்ட அம்பது வருஷம்! அத இலவசம்னு கேலி பேசறவங்க மேல எனக்கு இன்னிக்கும் கோவம் இருக்கு.

மிக்சி வந்த அன்னிக்கு அம்மாயி கடையெல்லாம் விட்டிருந்தாங்க. தக்காளி, பூண்டு, வரமிளகா போட்டு எங்கம்மா மூணு தடவ சுத்தி நிறுத்தினாங்க. அம்மாயி மூடியத் தெறந்து, வெரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்துட்டு, "அவ்ளோதானா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் இடது கையால வலது தோளப் புடிச்சுக்கிட்டு, "இன்னொருக்கா ஓட்டு, பாக்கறேன்"னாங்க.